பதினாலாம் பக்கம்

கோல்ட்பர்னில் லாவெர்ன் கோஸ்டியுக்கின் குரலைக் கேட்காதவர் யாரும் இருக்க முடியாது. சனிக்கிழமைகளில், பனித்தரையில் கல் சறுக்கி விளையாடும் கர்லிங் அரங்கத்துச் சமையலறையில் பெரோகிக் கொழுக்கட்டை வேகவைத்துக்கொண்டே அவள் சிரித்தால், வெளியே வண்டிக் கண்ணாடியில் பனியைச் சுரண்டிக்கொண்டிருப்பவனுக்கும் கேட்கும். யார் வீட்டில் சண்டை, யார் மாடுகளை விற்றார், எந்த மருத்துவர் சிடுமூஞ்சி என்பதெல்லாம் அவளிடம் கேட்டால் தெரிந்துவிடும். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலைதான் வேடிக்கை. திங்கள் முதல் வெள்ளிவரை, ஒன்பது மணியிலிருந்து ஐந்து மணிவரை, ஒரே ஒரு விஷயத்தைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பதற்காகவே அவளுக்குச் சம்பளம்.

பெலிட்ஸ்கி பயண நிலையத்தில் அவளுக்கு இருபத்தாறு வருடம். அதற்கு முன்னால் கூட்டுறவுக் கடையில் கல்லாவில் இருந்தாள். ஊரில் பாதிப் பேரை மெக்சிகோவுக்கும் அரிசோனாவுக்கும் அனுப்பிவைத்த அவள் ஒருமுறைகூட விமானம் ஏறியதில்லை. எல்லை தாண்டி அடுத்த நாட்டிலிருக்கும் மைனாட் வரை காரில் போய் மலிவாகச் சாக்ஸ் வாங்கி வந்ததோடு சரி.

பயணச்சீட்டோடு மருத்துவக் காப்பீடும் விற்க வேண்டும். அங்கேதான் சிக்கல். அந்த மாகாணத்தில் அதை யாரும் சும்மா விற்றுவிட முடியாது, உரிமம் வேண்டும். முதலாளி கோர்ட் பெலிட்ஸ்கி தன் கடைக்கு வாங்கி வைத்திருந்தது வரம்புள்ள உரிமம். கண்ணாடிச் சட்டம் போட்டு, கடற்கரைப் படத்துக்கும் டிராக்டர் கம்பெனி நாட்காட்டிக்கும் நடுவில் சுவரில் மாட்டியிருந்தார். அதன்கீழ் லாவெர்ன் காப்பீட்டுப் புத்தகத்தை எடுத்துக் கொடுக்கலாம், பணம் வாங்கலாம், ரசீது போடலாம். ஆனால் உள்ளே அச்சடித்திருப்பதற்கு இன்னதுதான் அர்த்தம் என்று சொல்லக் கூடாது. 'உங்களுக்குப் பணம் கிடைக்கும்', 'கிடைக்காது' என்று சொல்வது பரீட்சை எழுதித் தேறிய முகவர்களின் வேலை. இல்லாவிட்டால் கம்பெனிக்காரனே சொல்ல வேண்டும்.

அவள் வாயைப் பற்றி நன்றாகத் தெரிந்த கோர்ட், ஒரு வாக்கியத்தைத் தட்டச்சு செய்து மேசையின் உள்பக்கம் ஒட்டிவைத்தார். 'இதை விளக்கிச் சொல்ல எனக்கு உரிமம் இல்லை. பின்னட்டையில் உள்ள எண்ணை அழைத்துக் கேளுங்கள்.'

"இதைப் படிச்சா நான் போலீஸ்காரி மாதிரி இருக்கேன், கோர்ட்."

"இருந்துட்டுப் போ. சிரிச்ச மூஞ்சியோட போலீஸ்காரியா இரு."

ஒட்டிவைத்ததற்குக் காரணம் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால், கர்லிங் தோழி பெவ்விடம், "அட, பயப்படாம போடி. போன இடத்துல பல்லு உடைஞ்சாலும் பணம் வரும்," என்று சொல்லிவிட்டாள். பல்லும் உடைந்தது, பணமும் வந்தது. ஆனால் தொகை குறைவு என்று பெவ்வின் மருமகன், உரிமம் கொடுக்கிற மாகாணக் காப்பீட்டுக் குழுமத்துக்கு எழுதிப் போட்டுவிட்டான். அங்கிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இன்னொரு முறை இப்படி நடந்தால் உரிமம் போய்விடும்.

உரிமம் போனால் கடையும் போய்விடும். டிக்கெட்டை எல்லோரும் இப்போது கைப்பேசியிலேயே எடுத்துவிடுகிறார்கள். குளிர்காலத்தில் தெற்கே போகிற வயசானவர்களின் காப்பீடுதான் கடையில் விளக்கு எரியவைத்தது. லாவெர்னின் கணவன் மிட்ச் பனி தள்ளும் வண்டியிலிருந்து விழுந்து முதுகு முறிந்ததிலிருந்து நாற்காலியோடு கிடக்கிறான். அவன் மாத்திரைகள் வருவது இந்த வேலையோடு சேர்ந்த சலுகையில். ஐம்பத்தெட்டு வயதில் அவளுக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்?

டிசம்பரில் கோர்ட் வெளிறிப்போய் வந்தார். கையில் ஒரு தாள்.

"எல்ம்விட்டன்ல நம்ம மாதிரிக் கடையை மூடிட்டாங்க, லாவெர்ன். சாதாரண ஆள் மாதிரி ஒருத்தன் வந்திருக்கான். நைசா பேச்சுக் கொடுத்திருக்கான். அந்தப் பொண்ணும் வாயை விட்டுட்டா. அவன் குழுமம் அனுப்பின ஆளாம்."

"ஐயையோ. இங்கயும் வருவானா?"

"ஏற்கெனவே நம்ம மேல ஒரு கடுதாசி இருக்கே. வராம இருப்பானா?"

சோதிக்க வருகிறவர்கள் எப்படியெல்லாம் கேட்பார்கள் என்று அந்தத் தாளில் போட்டிருந்தது. ஒரு வரியைக் கோர்ட் சிவப்பில் கோடிட்டிருந்தார்: 'இது உங்கள் சொந்த அண்ணனாக இருந்தால் என்ன சொல்வீர்கள்?'

அன்றிலிருந்து லாவெர்ன் மாறிப்போனாள். கதவு மணி ஒலித்தால் முதலில் வந்தவரின் காலணியைப் பார்ப்பாள். ஊர்க்காரரின் காலணி என்றால் மூச்சு வரும். அறிமுகமில்லாத காலணி என்றால் முதுகு விறைக்கும்.

ஜனவரி கடைசியில், வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தாறு இருந்த ஒரு மதியம், அப்படி ஒரு ஜோடிக் காலணி உள்ளே வந்தது. பளபளவென்று மெருகு போட்டது. எழுபது வயதிருக்கும் மனிதர், தேய்த்த காலர். சட்டைப்பையில் சின்ன நோட்டும் கூராகச் சீவிய பென்சிலும் இருந்தன. இந்தக் குளிரில் பேனா உறைந்துவிடும் என்று தெரிந்த ஆள்.

"எல்மர் ராஸ்க்," என்றார். "எங்க ஊர்க் கடையை மூடிட்டாங்க. அதான் இவ்வளவு தூரம்."

"எந்த ஊருங்க?"

"எல்ம்விட்டன்."

லாவெர்ன் மேசையின் உள்பக்கம் ஒட்டியிருந்த வாக்கியத்தைப் பார்த்துக்கொண்டாள். இவ்வளவு அப்பட்டமாகவா வருவார்கள்?

அரிசோனாவில் யூமாவுக்கு, இரண்டு மாதம், அவரும் மனைவி ஜீனும். மகளின் டிரெய்லர் வீடு அங்கே காலியாக இருக்கிறதாம். ஜீன் வெளியே, இன்ஜின் ஓடிக்கொண்டிருந்த வண்டியில் உட்கார்ந்திருந்தாள். லாவெர்ன் புத்தகத்தைக் கொடுத்தாள். அவர் சாவகாசமாக வரிவரியாகப் படித்து, ஆறாம் பக்கத்தில் நின்றார்.

"கிளம்பறதுக்கு முன்னாடி தொண்ணூறு நாளுக்குள்ள மருந்துல மாற்றம் இருந்தா, அந்த வியாதிக்குக் காப்பீடு கிடையாதுன்னு போட்டிருக்கான். எனக்கு ஆறு வருஷத்துக்கு முன்னாடி இதயத்துல குழாய் வச்சாங்க. போன மாசம் டாக்டர் என் மாத்திரையைப் பாதியாக் குறைச்சிட்டார். நல்லா இருக்கீங்க எல்மர், இனி பாதி போதும்னார். இது மாற்றமா? குறைச்சா நல்லதுதானேம்மா?"

அது மாற்றம்தான். கூட்டினாலும் குறைத்தாலும் நிறுத்தினாலும் மாற்றமே என்று பதினாலாம் பக்கத்தில், பொடி எழுத்தில், சொற்களுக்கு அர்த்தம் கொடுக்கிற பகுதியில் இருந்தது. அது தெரியாமல் போனவர் ஒருவரின் மகள் இதே மேசைமேல் தலைசாய்த்து அழுததை அவள் பார்த்திருக்கிறாள்.

"இதை விளக்கிச் சொல்ல எனக்கு உரிமம் இல்லை. பின்னட்டையில் உள்ள எண்ணை அழைத்துக் கேளுங்கள்," என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை.

அவர் கடைத் தொலைபேசியிலேயே அழைத்தார். காத்திருக்கச் சொல்லிப் பாட்டுப் போட்டார்கள். பாட்டு இருபத்து மூன்று நிமிடம் ஓடியது. அவர்கள் போக வேண்டிய வின்னிபெக் சாலையைப் பனிக்காக மூன்று மணிக்கு அடைக்கப் போவதாக வானொலி சொன்னது. ஜீன் வெளியே ஹார்ன் அடித்தாள். எல்மர் தொலைபேசியை வைத்துவிட்டு, மேசைமேல் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்தார்.

"இங்க பாரும்மா, நான் நாப்பது வருஷம் தானியம் தரம் பிரிச்சவன். குடியானவன் கொண்டாந்த கோதுமை ரெண்டாம் தரம்னா ரெண்டாம் தரம்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிப் பழக்கம். நீயும் சொல்லு. இது உன் சொந்த அண்ணனா இருந்தா என்ன சொல்வே?"

சிவப்புக் கோடு அவள் கண்முன் ஓடியது. வந்துவிட்டான்!

ஒட்டியிருந்த வாக்கியத்தை மறுபடி, எழுத்து பிசகாமல், ஒப்பித்தாள்.

எல்மர் அவளையே பார்த்தார். பிறகு நோட்டை எடுத்து, தேதி போட்டு, அவள் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் பார்த்து எழுதிக்கொண்டார். "லாவெர்ன். பதில் சொல்லவில்லை," என்று வாய்விட்டுச் சொல்லியபடியே எழுதினார். பணம் கட்டினார், போய்விட்டார்.

"தப்பிச்சோம், கோர்ட்!" என்று அன்று அவள் கைதட்டினாள். வீட்டில் பீட்ரூட் சூப் குடிக்கும்போது மிட்ச்சிடம் அதை நடித்தே காட்டினாள். மிட்ச் சிரித்துவிட்டு, "நிஜமாவே யாரோ ஒரு கிழவனா இருந்தா?" என்றான். "போய்யா," என்றாள். ஆனால் அன்றிலிருந்து அந்தப் பளபளக்கும் காலணி, அவள் பாத்திரம் கழுவும்போதும் பல் துலக்கும்போதும் நினைவில் வந்து நின்றது.

மார்ச் பத்தாம் தேதி குழுமத்திலிருந்து கடிதம் வந்தது. கோர்ட் பிரித்துப் படித்தவர், மேசையைத் தட்டினார்.

"தேறிட்டோம்டி! நல்ல மார்க்கு! இந்தா, படிச்சிட்டு இரு. நான் போய் டோனட் வாங்கிட்டு வரேன், ஒரு டஜன்!"

அவர் மேல்கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினார். லாவெர்ன் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தாள். சோதனை நடந்த நாள்: நவம்பர் ஒன்பது.

மறுபடி படித்தாள். நவம்பர் ஒன்பது.

நவம்பரில் வந்தது பின்னல் தொப்பி போட்ட ஒரு கிழவி. முழங்கால் வலி பற்றி வளவளவென்று கேட்டாள். பயம் பிடிக்காத நாட்கள் அவை. லாவெர்ன் அவளிடம், "எனக்குச் சொல்ல உரிமை இல்லை, கண்ணு. ஆனா இந்தாங்க, இந்தப் பக்கம், இந்த வரி, நீங்களே படிச்சுக்கங்க," என்று புத்தகத்தைத் திருப்பி விரல் வைத்துக் காட்டியிருந்தாள். கடிதத்தில் அதுதான் இருந்தது: 'ஊழியர் தாமாக விளக்கம் கூறாமல், உரிய பக்கத்தை எடுத்துக் காட்டியது பாராட்டுக்குரியது.'

பக்கத்தைக் காட்டலாம். எப்போதுமே காட்டியிருக்கலாம். சட்டம் அவள் வாயைத்தான் கட்டியிருந்தது. விரலைக் கட்டியது அவளுடைய பயம்.

அப்படியானால் எல்மர் ராஸ்க் வெறும் எல்மர் ராஸ்க்தான்.

அலமாரியில் அவர் படிவத்தை எடுத்தாள். திரும்பும் நாள் மார்ச் இருபத்தெட்டு. இன்னும் பதினெட்டு நாள் அங்கே இருக்கிறார்கள். உடனே கிளம்பி வந்துவிடச் சொன்னால் போதும். பதினாலாம் பக்கத்தை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு, அவர் எழுதிக் கொடுத்திருந்த எண்ணை அழைத்தாள். ஏழு முறை அடித்தது.

"யாரு?" ஜீனின் குரல் ரகசியம் பேசுவதுபோல் இருந்தது.

"கோல்ட்பர்ன்லேருந்து லாவெர்ன் பேசறேங்க. பயண நிலையம்."

"அட, நல்ல நேரத்துல கூப்பிட்டியே! காலைலேருந்து எல்மருக்கு நெஞ்சை அடைக்குதாம்மா. தாடை வரைக்கும் வலிக்குதுங்கிறார். சட்டையெல்லாம் தொப்பலா நனைஞ்சு கிடக்கு. ஆம்புலன்ஸைக் கூப்பிடறேன்னா போனைப் பிடுங்கி வச்சுடறார். அந்தத் தொண்ணூறு நாள் சமாசாரம் இன்னும் அவர் மண்டையைக் குடையுது. இங்க ஆஸ்பத்திரிக்குப் போனா வீட்டை வித்துத்தான் கட்டணுமாம், படுத்தா சரியாயிடுமாம்."

தூரத்திலிருந்து தடித்த குரல் ஒன்று, ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது. "அந்தக் காப்பீட்டுப் பொண்ணா? குடு இப்படி."

லாவெர்ன் விரித்து வைத்திருந்த பதினாலாம் பக்கத்தைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் அவர் படுக்கையை விட்டு எழமாட்டார். மேசையில் ஒட்டிய வாக்கியத்தைச் சொன்னாலும் எழமாட்டார்.

"முதல்ல ஆம்புலன்ஸ், எல்மர். மத்ததெல்லாம் அப்புறம்..."

"சுத்தி வளைக்காதே. அன்னைக்கே கேட்டேன், நீ சொல்லலை. இப்ப சொல்லு." மூச்சு விசிலடித்தது. "எனக்குக் கிடைக்குமா, கிடைக்காதா?"

கதவு மணி ஒலித்தது. கோர்ட் டோனட் பெட்டியோடு உள்ளே வந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றது. கையில் தொலைபேசி, முன்னால் விரித்த புத்தகம். புரிந்துவிட்டது. வேண்டாம் என்று தலையை ஆட்டினார். வாசலிலேயே நின்று ஆட்டிக்கொண்டே இருந்தார்.

லாவெர்ன் அவரைப் பார்த்தபடியே சொன்னாள்.

"கிடைக்கும்."

"என்னது?"

"கிடைக்கும், எல்மர். முழுசும் கிடைக்கும். நான் சொல்றேன். ஜீன்கிட்ட போனைக் குடுங்க, அவங்க ஆம்புலன்ஸைக் கூப்பிடட்டும்."

மறுமுனையில் கட்டில் கிறீச்சிட்டது. பிறகு, "இரு," என்றார். "ஜீன், என் நோட்டை எடு. தேதி போடு. மணி என்ன? பத்து நாப்பதா? போடு. கிடைக்கும்னு சொன்னாங்க, முழுசும்." ஒரு இருமல். "அம்மா, உன் முழுப் பேரைச் சொல்லு."

"லாவெர்ன் கோஸ்டியுக்," என்றாள், ஜீன் எழுதி முடிப்பதற்குத் தோதாக, நிதானமாக. பென்சில் காகிதத்தில் உரசுவது நன்றாகக் கேட்டது.

"கடையோட உரிம எண்?"

அவள் திரும்பிச் சுவரில் மாட்டியிருந்த சட்டத்தைப் பார்த்து, ஒவ்வொரு எண்ணாகப் படித்தாள். எட்டு எண்கள். கடைசி எண்ணைச் சொன்னதும் தொடர்பு அறுந்தது.

கோர்ட் பெட்டியை மேசைமேல் வைத்தார். வெளியே பனி தள்ளும் வண்டி ஒன்று போனது. 

"லாவெர்ன்," என்றார் அவர் மெதுவாக. "அந்த ஆளுக்கு நிஜமாவே கிடைக்குமா?"

அவள் புத்தகத்தை அவர் பக்கமாகத் திருப்பி, அந்த வரியின்மேல் விரலை வைத்தாள்.