மூச்சு படிந்த கெம்பு

கறுப்பு வெல்வெட் துணியில் ஒரு ஜோடி கெம்புக் கம்மல். இரண்டு சிவப்புக் கற்களின் மேலும் முதலாளியின் மூச்சு வெள்ளையாகப் படிந்து, போகாமல் நிற்கிறது. கொடைக்கானல் கடைத்தெருவில் அந்தக் கல் கடையில் பல வருடம் வேலை பார்த்தேன். எத்தனையோ கற்களை எடுத்துக் காட்டியிருக்கிறேன், எல்லாம் மறந்துவிட்டது. அந்த வெள்ளைப் படலம் மட்டும் மறக்க மாட்டேன் என்கிறது.

முதலாளியை ஊரே பாய் என்றுதான் கூப்பிடும். கல்லில் கெட்டிக்காரர், பிடிவாதத்தில் அதைவிடக் கெட்டிக்காரர். கெம்பு என்கிற மாணிக்கமும் நீலமும் ஒரே இனம், நிறம்தான் வேறு, வைரத்துக்கு அடுத்த கடினம் அவற்றுக்குத்தான் என்பார். மரகதத்தின் வெடிப்புகளை எண்ணெய் ஊட்டி மறைத்திருப்பார்கள், அதை வெந்நீரில் போட்டுவிடாதே என்பார். முத்தின் மேல் எலுமிச்சைச் சாறு பட்டால் போதும், கத்துவார். ஆனால் கல்லைச் சோதிக்க ஒரு கருவி வாங்குங்கள் என்றால் மட்டும் காது கேட்காது. "எங்க வாப்பா ஊதித்தாம்மா பாத்தாரு. அசல் கல்லுல ஈரம் நிக்காது, கண்ணாடியிலதான் நிக்கும்," என்பார். அவர் சொன்னதில் தப்பில்லை. அசல் கல் சூட்டை வெரசாகக் கடத்தும், மூச்சின் ஈரம் கண் மூடித் திறப்பதற்குள் மறைந்துவிடும். ஆனால் அவர் வாப்பா கடை வைத்திருந்தது அடிவாரத்துப் பழனியில். முதலாளியும் கல் வாங்குவது, சோதிப்பது எல்லாவற்றையும் பழனி வீட்டில் முடித்துக்கொள்வார். மலை மேல் விற்பனை மட்டும்தான்.

அன்று காலை பனி மூட்டத்தில் எதிர்க்கடைகூடத் தெரியவில்லை. பூண்டி கிராமத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். வெள்ளைப்பூண்டு பயிரிடுகிற குடும்பம். மாமியார், மகன், மருமகள். மகள் கல்யாணத்துக்காகக் கம்மலைப் புதுசாகக் கட்ட வேண்டும் என்று மாமியார் சொன்னார். குரல் அப்படிச் சொல்லவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டுக் கம்மலைப் போட்டிருந்தவள் மருமகள், இப்போது கல் ஒளி மங்கிக் கிடக்கிறது. கல்லை மாற்றிவிட்டாளோ என்ற சந்தேகம், அதுதான் விஷயம்.

முதலாளி லென்ஸை வைத்துப் பார்த்தார். பின்பக்கம் தகடு வைத்து மூடிய பழைய வேலைப்பாடு, அதற்குள் எண்ணெய்ப் பிசுக்கு வேறு, ஒன்றும் தெரியவில்லை. கழுவிப் பார்க்கலாம் என்று நான் வாயெடுப்பதற்குள் ஊதிவிட்டார். ஈரம் நின்றது. மறுபடி ஊதினார். நின்றது. "இது கண்ணாடிம்மா," என்றார்.

மாமியார் மருமகள் பக்கம் திரும்பினார். "எங்கடி வித்த? ஒங்கம்மா வீட்டுக்கா போச்சு?" என்று கேட்டார். அந்தப் பெண்ணின் முகம் செத்துப்போனது. "நா கழட்டவே இல்லீங்கத்தே, சாமி சத்தியமா," என்றாள். புருஷன்காரன் கல்லாப்பெட்டியை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான். சண்டாளன், ஒரு வார்த்தை பேசவில்லை. மாமியார் கம்மலை முந்தானையில் முடிந்துகொண்டு, "ஊருக்கு வா, பஞ்சாயத்துல பேசிக்கிடுவோம்," என்றார். மூவரும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள்.

முதலாளி இரண்டாம் முறை ஊதியபோதே எனக்குச் சந்தேகம் வந்திருந்தது. ஷோகேஸ் முழுக்க ஈரம் கோத்துக்கொண்டு கிடந்தது. துடைத்துத் துடைத்து என் கை சலித்துப்போன காலை அது. ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. முதலாளி சொன்னால் சொன்னதுதான், நமக்கெதற்கு வம்பு! அவர்கள் படி இறங்கிய பிறகுதான், முதலாளி தன் சொத்தாக வைத்திருந்த அசல் மாணிக்கத்தை எடுத்து அவர் முன்னாலேயே ஊதினேன். ஈரம் நின்றது. அவர் பிடுங்கி ஊதினார். அப்போதும் நின்றது. காற்றே ஈரமாயிருந்தால் அசல் கல்லிலும் மூச்சு உலராது. "யா அல்லா," என்றவர் செருப்பைக்கூடப் போடாமல் ஓடினார். நான் பின்னால் ஓடினேன்.

பூண்டி பஸ் உறுமிக்கொண்டு நின்றது. முதலாளி ஏறி, மூச்சு வாங்க, "நான் சொன்னது தப்பும்மா, அந்தக் கம்மலக் குடுங்க," என்றார். மாமியார் தரவில்லை. "அவ கண்ணீரப் பாத்து மாத்திச் சொல்றீகளாக்கும்?" என்றார். கண்டக்டர் விசில் ஊதினார். முதலாளி தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். பிளாஸ்டிக் அல்ல, கனத்த பழைய கண்ணாடி. "நீங்களே கல்ல வச்சுக் கீறுங்க. கண்ணாடி கண்ணாடியக் கீறாது. கெம்பு கீறும்," என்றார். மாமியார் முடிச்சை அவிழ்த்தார். ஒரே இழுப்பு. கண்ணாடியின் குறுக்கே கோடு விழுந்தது. இன்னொரு கம்மலாலும் கீறினார். இன்னொரு கோடு.

உயர்ந்த மாணிக்கமா, மட்டமானதா என்பது வேறு கேள்வி. கண்ணாடி அல்ல, அது போதும். அப்பாடா என்று கம்பியைப் பிடித்துக்கொண்டேன். மாமியார், "சரி விடு, வயசானவ ஏதோ பேசிட்டேன். இந்தா போட்டுக்க," என்று கம்மலை நீட்டினார்.

மருமகள் வாங்கவில்லை, எழுந்து நின்றாள். புருஷன் அப்போதுதான் வாயைத் திறந்தான். "அதான் சரியாப் போச்சுல்ல, உக்காரு," என்றான்.

"கல்லுக்குப் பேச பாய் ஓடி வந்தாக. எனக்குப் பேச நீங்க எந்திரிக்கக்கூட இல்லியே," என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

பஸ் போய்விட்டது. இறங்கி வருவான் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், வரவில்லை. முதலாளி கீறல் விழுந்த கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு, "என்னால வந்த வினை தாயி, மன்னிச்சிரு," என்றார். அவள் அவருக்குத் தலையை ஆட்டினாள்.

இன்று நான் வேறு கடையில் இருக்கிறேன். இங்கே கருவி இருக்கிறது, பனியானாலும் வெயிலானாலும் கல்லைக் கழுவி, உலர வைத்து, அதன் பிறகுதான் பதில் சொல்வேன். யாராவது குடும்பமாக வந்து கம்மலை நீட்டினால் இரண்டு தடவை கழுவுவேன். அன்று ஷோகேஸ் ஈரத்தைப் பார்த்த பிறகும் நான் வாயை மூடிக்கொண்டு நின்றது அந்த மருமகளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என்னிடம் கேட்டிருக்க மாட்டாள். அன்று பஸ் போன பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் வந்து, "அக்கா, வடகவுஞ்சிக்கு பஸ் எப்பங்க? எங்கம்மா ஊரு," என்றாள்.