இன்பமேரி கேட்டு வாங்கிய இடம்

மரியப்பன் வாத்தியாரிடம் எதை நீட்டினாலும் முதலில் "இருக்கட்டும்ங்க" என்றுதான் சொல்வார். அதை மறுப்பு என்று எடுத்துக்கொண்டால் நீங்கள் காரைக்குடிப் பக்கம் பெண் எடுக்காதவர் என்று அர்த்தம். கேட்டவுடன் சரி என்றால் காய்ந்துபோய் வந்தவன் என்று நினைத்துவிடுவார்களாம். மூன்றாவது தடவை கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் பந்தியில் உட்காருவார். ஊருக்கே இது தெரியும் என்பதால் ஊரில் அவர் ஒருநாளும் பட்டினி கிடந்ததில்லை.

மனைவி இன்பமேரியின் பாடுதான் திண்டாட்டம். அவளுக்கும் சேர்த்து அவரே வேண்டாம் என்றுவிடுவார். கண்டனூர் பஸ்ஸில் யாராவது எழுந்து இடம் கொடுத்தால், "நீங்க உக்காருங்க, அவ நின்னுக்கிருவா" என்று சிரிப்பார். அவளும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். தங்கமான மனுஷன் என்று ஊர் அவரைத்தான் மெச்சும்.

1997இல் பேரனைப் பார்க்க இருவரும் சிங்கப்பூருக்கு, மகன் சகாய ஆண்டனி வீட்டுக்குப் போனார்கள். போன இடத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்து இன்பமேரிக்கு முழங்கால் பிசகிவிட்டது. ஊர் திரும்பும் நாள் வரை வீக்கம் வடியவில்லை. நீட்டி வைத்தால் ஒருமாதிரி தாங்கும், மடக்கினால் உயிர் போகும். சென்னை போய்ச் சேரும் வரை அந்த நெருக்கமான சீட்டில் காலை மடக்கி எப்படி உட்காருவது என்று அவளுக்குப் பயமாக இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

விமானம் தாமதம். அவள் நொண்டுவதைப் பார்த்த விமானக் கம்பெனிக்காரர்கள் இருவரையும் வசதியானவர்கள் காத்திருக்கும் லவுஞ்சுக்குக் கூட்டிப் போய் உட்காரவைத்தார்கள். மெத்தென்ற சோபா. எதிர் மேசையில் ரொட்டி, பழம், கேக், ஆவி பறக்கும் நூடுல்ஸ். ஆளாளுக்குப் போய்த் தட்டில் எடுத்துக்கொண்டார்கள்.

"எடுத்துட்டு வரவா?" என்று இன்பமேரி எழப் போனாள்.

"சும்மா இரு. வாங்க சாப்புடுங்கன்னு ஒரு ஆளு சொல்லல. நாமளாப் போயி எடுத்தா நல்லாவா இருக்கு?"

சொல்ல ஆள் வரவில்லை. பக்கத்து சோபாவில் ஒரு வெள்ளைக்காரர் மறுபடியும் மறுபடியும் தட்டை நிரப்பிக்கொண்டு வந்தார். வாத்தியார் மரியாதையைக் காப்பாற்றிக்கொண்டு தண்ணீர் குடித்தார்.

அப்போதுதான் கவுன்டரில் இருந்த தமிழ்ப் பெண் வந்தாள். "ஐயா, முதல் வகுப்புல ஒரே ஒரு இடம் காலியா இருக்கு. அங்க சீட்டை நல்லா சாய்ச்சுக் காலை நீட்டிக்கலாம். அம்மாவை அங்க உட்கார வைக்கட்டுமா?"

"இருக்கட்டும்மா, எதுக்குச் சிரமம். அவ சமாளிச்சுக்கிருவா."

அந்தப் பெண் காரைக்குடிக்காரி அல்லவே. "சரிங்கய்யா" என்று தலையாட்டிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

இன்பமேரி அவள் முதுகையே பார்த்தாள். சோபாவின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"ஏம்மா, நில்லு. எனக்கு வேணும். எங்குட்டு வரணும்?"

வாத்தியாருக்கு முகம் சிவந்துவிட்டது. "மேரி, அவுக என்ன நெனப்பாக?"

"என்னமும் நெனச்சுக்கிறட்டும். கால் என்னோடதுங்க" என்றாள் அவள், சாதாரணமாக.

விமானத்தில் அவள் முன்பக்கம் போனாள், அவர் பின்பக்கம் போனார். யாரென்றே தெரியாத ஒருவன் பக்கத்தில் குறட்டை விட, வாத்தியார் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை கேட்காமல் போய்விட்டாளே என்று கோபம். கொஞ்ச நேரத்தில் கோபம் இறங்கி, என்ன செய்கிறாளோ என்ற நினைப்பு வந்தது. எழுந்து போய்த் திரைக்கு இந்தப் பக்கம் நின்றார். தமிழ் தெரிந்த பணிப்பெண் ஒருத்தி, மனைவியைப் பார்க்க வேண்டும் என்றதும் உள்ளே விட்டாள்.

இன்பமேரி காலை நீட்டிச் சாய்ந்திருந்தாள். தூங்கவில்லை.

"கால் எப்படி இருக்கு?"

சிங்கப்பூரில் தினமும் கேட்ட கேள்விதான். பரவாயில்லை என்பாள். அவரும் நம்பிப் பேப்பரை விரித்துவிடுவார்.

"வலிக்குதுங்க. விழுந்த அன்னைலேருந்து ராப்பகலா வலிக்குது. நீட்டுனபெறகு இப்பத்தான் கொஞ்சம் தேவல."

"எங்கிட்டச் சொல்லக் கூடாதா?"

"சொல்லி? எனக்காகன்னு யாருகிட்டயாவது ஒண்ணு கேட்டிருப்பீகளா?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் அவருக்கு உறைத்தது. பணிப்பெண்ணின் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, இவ காலுக்கடியில வைக்க இன்னொரு தலகாணி வேணும்."

குரல் கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். தலையணை வந்து, அதை அவரே அவள் காலுக்கடியில் வைக்கும் வரை வாத்தியார் அங்கிருந்து நகரவில்லை.