வாழ்த்துரைக்கு ஐந்து நிமிடம்

போன வாரம் பீரோவின் மேல்தட்டைச் சுத்தம் செய்தபோது ஒரு பழைய ஹெட்போன் கையில் அகப்பட்டது. காதில் வைக்கும் பஞ்சு தொட்டவுடன் கறுப்புப் பொடியாக உதிர்ந்து விரலிடுக்கெல்லாம் ஒட்டிக்கொண்டது. முகர்ந்து பார்த்தேன். எதையும் முகர்ந்து பார்ப்பது என் கெட்ட பழக்கம். இதற்காகவே என் கணவர் என்னோடு பரவை காய்கறி மார்க்கெட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார். வேர்வையும் தேங்காயெண்ணெயும் கலந்த வாடை. என் இருபத்து மூன்றாம் வயதின் வாடை அதுதான். கூடவே கோபமும் வந்தது. அதை மட்டும் பூச்சி அரிக்கவில்லை.

அப்போது பசுமலைப் பக்கம் ஒரு மனநல ஆலோசனை மையத்தில் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தேன். ஆலோசனை அறையில் நடந்த பேச்சைக் கேசட்டில் பதிந்துகொண்டு, பிறகு ஹெட்போனை மாட்டி, வார்த்தை மாறாமல் தாளில் எழுத வேண்டும். "ம்" என்றால் "ம்". இருமினால் இருமல். எங்கே தேவையில்லாமல் குறுக்கே பேசினோம் என்று சார் சிவப்பு மையில் கோடு போடுவார். என் தாள்கள் திருஷ்டி சுற்றிப் போட்ட பூசணிக்காய் மாதிரி இருக்கும்.

கீழக்குயில்குடியில் விவசாயம் பார்த்த என் அப்பாவுக்கு இந்த வேலையை விளங்க வைக்கப் பட்ட பாடு கொஞ்சமல்ல.

"அங்க என்னத்தா செய்யுற?"

"மத்தவுக சொல்றதக் கேப்பேன்ப்பா."

"கேட்டுட்டு?"

"கேட்டுக்கிட்டே இருப்பேன்."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "வீட்டுல நாஞ்சொன்னா ஒருநாளும் கேட்டதில்லையே!"

சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர்தான் மையத்தின் இயக்குநர். பெயரைச் சொல்ல எனக்குப் பயமில்லை. பெயர் சொல்லி அழைக்கிற மரியாதையைக் கொடுக்கத்தான் மனமில்லை. குரல் என்றால் அப்படியொரு குரல். காய்ச்சல்காரனின் நெற்றியில் ஈரத்துணி போடுகிற மாதிரி இருக்கும். முதல் வகுப்பில் அவர் சொன்னார்: "வர்றவுங்கதான் மையம். அவுங்க வாழ்க்கைக்கான வழி அவுங்களுக்குள்ளயே இருக்கு. புத்தி சொல்லாதீங்க, தீர்ப்புச் சொல்லாதீங்க. அவுங்க நிக்கிற எடத்துல நின்னு பாருங்க. நடிக்காம உண்மையா இருங்க." எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றுவரை என்னிடம் யாரும் புத்தி மட்டும்தான் சொல்லியிருந்தார்கள். அந்தப் பாடத்தில் ஒரு எழுத்துகூடத் தவறில்லை என்று இன்றும் சொல்வேன். நல்ல பாடத்தைக் கெட்ட மனிதன் நடத்தினால் படித்தவர்கள் எங்கே போய் முட்டிக்கொள்வது?

வருகிறவர்களுக்கும் எங்கள் முறை பழக நாளானது. வயல்காட்டிலிருந்து வந்த ஒருவர் முக்கால் மணி நேரம் தன் தம்பியைப் பற்றி மூச்சுவிடாமல் பேசிவிட்டு, "சரித்தா, நீங்க எப்ப ஆரம்பிப்பீக?" என்று கேட்டார். அழுகிறவர்களுக்கென்று மேசையில் வைத்த டிஷ்யூ டப்பாவை யாரும் சீண்டவில்லை. எல்லோருக்கும் முந்தானை போதுமானதாக இருந்தது.

ஷாகிதா அக்கா வந்தது ஒரு வியாழக்கிழமை. தெற்குவாசல் பக்கத்துச் சந்தில் தகரப்பெட்டிக் கடை வைத்திருந்த குடும்பத்தின் மருமகள். கணவர் விபத்தில் இறந்து இரண்டு வருடம். எட்டு வயதில் ஒரு மகன். அதன் பிறகும் மாமியார் வீட்டிலேயே தங்கியிருந்தார். தையல் வகுப்புக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் எங்களிடம் வருவார். நான் முதல்முதலாகத் தனியாக உட்கார்ந்து கேட்டது அவரைத்தான். நாற்காலியில் உட்கார்ந்ததும் டேப் ரெக்கார்டரைப் பார்த்தார்.

"இத யாரு கேப்பா?"

"நானும் எங்க சாரும் மட்டுந்தான்க்கா. அப்புறம் அழிச்சிருவோம்."

இதை நான் சொன்னேன். என் வாயால் சொன்னேன். மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் அரைமணி நேரம் அவர் பேசவே இல்லை. மௌனத்தை அவசரப்பட்டு உடைக்கக்கூடாது என்பது பாடம். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். கடைசியில், "வீட்டுல எல்லாரும் இருக்காக. ஆனா மூச்சு முட்டுது" என்றார். சொல்லிக்கொடுத்தபடி நானும், "எல்லாரும் இருந்தும் ஒங்களுக்கு மூச்சு முட்டுற மாதிரி இருக்கு" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அதத்தானம்மா நானும் சொன்னேன்? நீ என்ன, கெணத்துக்குள்ள கத்துனா திரும்பக் கேக்குமே, அது மாதிரி பேசுற?" இருவரும் சிரித்துவிட்டோம். அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் அவர் வந்துகொண்டே இருந்தார் என்று நினைக்கிறேன். என் திறமையால் இல்லை.

ஐந்தாவது வியாழனில் அதைச் சொன்னார். நான் வாய் திறக்காமலே இருந்த ஒரு நேரத்தில், கையில் இருந்த பையின் காதை முறுக்கிக்கொண்டே சொன்னார். என்ன சொன்னார் என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஏன் என்று போகப் போகத் தெரியும். ஊரே தங்கம் என்று சொன்ன ஒரு மனிதரோடு பத்து வருடம் வாழ்ந்தவர், அவர் மவுத்தான அன்று அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு தன் மனசுக்குள் என்ன கண்டார் என்பது. இம்மட்டும் போதும். சொல்லி முடித்துவிட்டு, "இப்படி நெனைக்கிறவ மனுசியா?" என்று கேட்டார்.

நான் படித்ததெல்லாம் மறந்துபோய், "மனுசிதான்க்கா" என்றேன்.

தாளில் அந்த இடத்துக்குப் பக்கத்தில் சார் முதல்முறையாகக் கோடு போடாமல் ஒரு நட்சத்திரம் போட்டார். அந்தத் தாளை எத்தனை முறை எடுத்துப் பார்த்துப் பூரித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். அந்தக் கேசட்டைச் சார் தன்னிடம் வாங்கி வைத்துக்கொண்டதும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு கல்லூரி அரங்கத்தில் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிலரங்கு. நூறு பேருக்கு மேல். மனிதரை மையமாக வைக்கும் முறை என்ன அற்புதம் செய்யும் என்று விளக்கிக்கொண்டிருந்த சார், "இப்ப ஒரு குரலக் கேப்போம்" என்று பொத்தானை அழுத்தினார். இரண்டு பெரிய ஸ்பீக்கரிலும் ஷாகிதா அக்கா. அந்த ஐந்தாவது வியாழன். கடைசியில் என் குரலும் வந்தது. நான் மேடைக்கு ஓடி ஒயரைப் பிடுங்கியிருக்க வேண்டும். பிடுங்கவில்லை. வருகைப் பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு கதவோரம் நின்றேன். மூன்றாம் வரிசையில் ஒரு ஆசிரியை மட்டும் திரும்பி, யாரையோ தேடுவதுபோல அரங்கம் முழுக்கப் பார்த்தார்.

அவர் ஷாகிதா அக்காவின் நாத்தனார்.

அடுத்த வியாழன் அக்கா வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை.

"மாமி என் பெட்டியத் தூக்கி வாசல்ல வச்சுட்டாக. அத்தா வீட்டுக்குப் போறேன். பயல விடமாட்டோம்னுட்டாக." கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "நான் ஒங்கிட்டதானம்மா சொன்னேன்?"

மகன் அவரிடம் திரும்பி வர நான்கு வருடம் ஆயிற்று.

அவருடைய அண்ணன் வந்து வாசலில் நின்று கத்திவிட்டுப் போன பிறகு, மையத்தை நடத்திய அறக்கட்டளைக்காரர்கள் விசாரணை வைத்தார்கள். அதற்கு முந்திய நாள் சார் என்னைத் தன் அறைக்கு அழைத்தார். உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். "நீ சின்னப் பொண்ணும்மா. ஒனக்கு ஒண்ணும் ஆகாது. மையம் நிக்கணும். இன்னும் எத்தன பேரு நம்மள நம்பி வராங்க?" அதே ஈரத்துணிக் குரல். பிறகு அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: வகுப்புக்கென்று நடித்துப் பதிந்த மாதிரி கேசட்டுக்குப் பதிலாக இந்தக் கேசட்டை என் கவனக்குறைவால் மாற்றிக் கொடுத்துவிட்டேன், சாருக்கு இது தெரியாது. கீழே கையெழுத்து. அடுத்த மாதம் அந்தக் கடிதத்தையே காரணம் காட்டி என்னை நிறுத்தினார்கள்.

பிறகு பள்ளிகளில் வேலை பார்த்தேன். எனக்கென்று ஒரு சிறிய அறையும் அமைந்தது. நாற்காலிகளுக்கு நடுவே இன்றுவரை எந்தக் கருவியும் வைத்ததில்லை. மனசில் எழுவது எதுவானாலும் மறுக்காமல் ஏற்றுக்கொள் என்பதும் எங்கள் பாடம்தான். என் வன்மத்தை நான் நன்றாகவே ஏற்றுக்கொண்டேன். வீட்டு நாய்க்கு வைப்பதுபோல வேளாவேளைக்குச் சோறு வைத்து வளர்த்தேன். சார் மேடையில் தடுக்கி விழுவது, சாருக்குத் தொண்டை கட்டி அந்தக் குரல் போய்விடுவது என்று பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து எத்தனையோ காட்சிகள் ஓட்டியிருக்கிறேன். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டதும் உண்டு.

இரண்டு வருடத்துக்கு முன்னால் போன் வந்தது. சாருக்குப் பாராட்டு விழா. புதிய பயிற்சிக் கூடத்துக்கு அவர் பெயரை வைக்கப் போகிறார்கள். பழைய மாணவி என்ற முறையில் நான் வாழ்த்துரை சொல்ல வேண்டும், ஐந்து நிமிடம். பழைய கதை தெரிந்த யாரும் விழாக் குழுவில் இல்லை போலிருக்கிறது.

"கட்டாயம் வாரேன்" என்றேன்.

அதற்கு முன் ஷாகிதா அக்காவைத் தேடிப் போனேன். வீட்டிலேயே நான்கு மெஷின் போட்டு நைட்டி தைத்துக்கொண்டிருந்தார். பொய்க்குச் சொன்ன தையலை நிஜமாகவே கற்றுக்கொண்டுவிட்டார். மகன் வேலைக்குப் போயிருந்தான். தேநீரைக் கையில் கொடுத்துவிட்டு என்னை நிதானமாகப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"அக்கா, அந்த மேடையில வச்சு அந்தாளு மானத்த வாங்கப் போறேன். நடந்த அம்புட்டையும் சொல்லப் போறேன். ஒங்களுக்குச் சம்மதமா?"

அவர் ஊசி நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "எங்கதையையா சொல்லப் போற?"

"பேரச் சொல்ல மாட்டேன்க்கா."

"அவரும் பேரச் சொல்லலையேம்மா."

தேநீரைக் கீழே வைத்தேன். பழிவாங்கப் புறப்பட்ட வேகத்தில் சார் செய்ததையே நானும் செய்ய இருந்தேன். அக்கா மெஷினை நிறுத்தினார்.

"அது என்னோடது. அத விட்ரு. ஒங்கிட்டப் பொய்யெழுதி வாங்குனாருல்ல? அது ஒன்னோடதுதான? அதச் சொல்லு." நான் எழுந்தபோது கையைப் பிடித்தார். "நல்லாச் சொல்லு. பாதியில விட்றாத."

விழாவில் சாருக்கு எழுபத்தைந்து வயது இருக்கும். தோளில் ஏழெட்டு சால்வை. என்னை அடையாளம் கண்டதும் முகம் ஒரு கணம் சுருங்கிப் பிறகு விரிந்தது. நான் ஒலிபெருக்கி முன்னால் நின்றேன். ஒரு பெண் என்னை நம்பிச் சொன்னதைச் சார் கூட்டத்தில் போட்டுக் காட்டினார் என்றேன். என்ன சொன்னாள், யார் அவள் என்பதைச் சொல்ல மாட்டேன் என்றேன். கேசட்டை நான் மாற்றவில்லை, சார் வாய்மொழியாகச் சொன்ன பொய்யை என் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டேன், அந்தக் கையெழுத்தை இன்று திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றேன். யாரோ ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார்கள். அதில் 'நேரம்' என்று எழுதியிருந்தது. நான் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

சார் தன் முன்னாலிருந்த மைக்கை எடுத்தார். "ஒங்களுக்குள்ள ரொம்ப வருசமா ஒரு காயம் இருந்திருக்கு."

அதே குரல். அரங்கம் அப்படியே தலையாட்டியது. நீங்கள் நம்ப மாட்டீர்கள், என் தலையும் ஆடப் பார்த்தது.

"ஆமா சார்" என்றேன். "யாரு செஞ்ச காயம்?"

அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை. மௌனத்தில் உட்கார எனக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. முன்வரிசையில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. முதலில் அவர் மனைவிதான் தலையைக் குனிந்துகொண்டார்.

"கேசட்ட எடுத்துட்டுப் போனது யாரு சார்?"

"நாந்தான்." ஈரத்துணி போய்விட்டது. வெறும் கிழவர் குரல்.

"பின்னாடி இருக்கவுகளுக்குக் கேக்கல சார்."

"நாந்தான்மா."

கொடூரம் என்று நீங்கள் நினைக்கலாம். நினைத்துக்கொள்ளுங்கள். கூடத்துக்கு அவர் பெயர் வைக்கப்படவில்லை. அன்று விருந்தில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. நான் இரண்டு முறை பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். தள்ளாத வயதில் மன்னித்திருக்கலாமே என்று கூடப் படித்த ஒருத்தி போன் செய்தாள். மன்னிப்பு கேட்டால்தானே கொடுக்க முடியும்? அவர் ஒப்புக்கொண்டார், கேட்கவில்லை. ஷாகிதா அக்காவிடம் போய்ச் சொன்னபோது, "மூஞ்சி எப்படி இருந்துச்சு?" என்று மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் நடித்துக் காட்டினேன். மெஷின்காரப் பெண்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்.

பசுமலையில் அந்த மையம் இருந்த இடத்தில் இப்போது வரிசையாக மாடி வீடுகள். பிரம்பு நாற்காலிகளை யார் கொண்டுபோனார்களோ தெரியாது. கேசட்டும் போயிற்று, கேசட் கேட்கும் பெட்டியும் போயிற்று. அதற்கெல்லாம் நான் வருத்தப்படவில்லை. ஷாகிதா அக்கா வர ஆரம்பித்த பிறகு, அந்தத் தெற்குவாசல் சந்துகளிலிருந்து வேறு சில பெண்களும் வரத் தொடங்கியிருந்தார்கள். கண்ணாஸ்பத்திரிக்குப் போகிறேன், சின்னம்மாவைப் பார்க்கப் போகிறேன் என்று ஆளுக்கொரு பொய். கேசட் சேதி பரவியதும் ஒருவர்கூட வரவில்லை. அதற்கு முந்திய வாரம்தான் ஒருத்தி கதவருகே வந்து எட்டிப் பார்த்தாள். கல்யாணமாகி ஒரு வருடம்கூட இருக்காது. உள்ளே வரச் சொன்னேன். "இன்னைக்கு நேரமாயிருச்சுக்கா. அடுத்த வாரம் வந்து எல்லாத்தையும் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வேகமாகப் படியிறங்கிப் போனாள்.

அவள் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.