பாலைவனத்துக்குப் போகாத கூடாரம்

யாழ்ப்பாணத்தை ஒட்டிய எங்கள் தீவில் ஒருவர் வெளிநாடு போகிறார் என்று தெரிந்தால் போதும், அவருடைய பயணப்பை அன்றோடு அவருடையது இல்லை. முன்பின் கதைத்துப் பழகாதவர்கள்கூடப் பார்சலோடு படியேறி வருவார்கள். "கொஞ்சம்தான் பிள்ளை" என்பார்கள். அந்தக் கொஞ்சத்தைத் தூக்க இரண்டு கையும் வேண்டும். மறுத்தால் தலைக்கனம் பிடித்தவள் என்று பெயர் வரும்.

எண்பத்து நான்காம் ஆண்டின் தொடக்கத்தில் அந்தப் பை என்னுடையதாக இருந்தது. எனக்கு இருபத்தாறு வயது. நாரந்தனையில் அம்மாவோடும் அண்ணனோடும் இருந்துகொண்டு, பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பித்தேன். இந்தியாவின் மேற்கே, பாலைவனத்தில் ஆண்டுதோறும் ஒரு விழா நடக்கிறது என்றும், அதற்குப் பல நாட்டு ஆசிரியர்களை அழைத்து ஐந்து நாள் மணலில் தங்கவைக்கிறார்கள் என்றும் பத்திரிகையில் பார்த்தேன். வீட்டில் சொல்லாமலே விண்ணப்பித்தேன். இடம் கிடைத்தது. சாப்பாடு அவர்கள் பொறுப்பு, கூடாரமும் படுக்கையும் எங்கள் பொறுப்பு. கூடாரம் இல்லாமல் வருபவர்களுக்கு இடம் கிடையாது என்று கடிதத்தின் அடியில் கோடு போட்டு எழுதியிருந்தார்கள்.

பிறந்ததில் இருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் கடலைப் பார்த்தவள் நான். தண்ணீரே இல்லாத ஓர் இடத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு அப்படி ஓர் ஆசை.

கூடாரம் எங்கள் கடைகளில் கிடைக்கிற சாமான் இல்லை. கரையோரம் போய், மீன்பிடிக்கிற ஒரு வீட்டில் வள்ளத்துப் பாய்மரத்தில் கட்டுகிற பழைய பாய்ச்சீலையைக் கேட்டேன். மரப்பட்டைச் சாயம் ஏறிக் கபில நிறமாக இருந்தது. அந்த வீட்டு அக்கா சிரித்தாள்.

"உதைக் கொண்டு எங்கை ஓடப் போறியள் ரீச்சர்?"

"மணலிலை ஓடப் போறன்" என்றேன்.

அம்மாவின் தையல் மெசினில் மூன்று ஊசிகளை முறித்துத் தைத்து முடித்தேன். கயிறு கட்ட, பனைமரக் கட்டையில் முளைகள் செதுக்குவித்தேன். ஒரு பின்னேரம் முற்றத்தில் அடித்துப் பார்த்தேன். கொஞ்சம் சரிந்துதான் நின்றது. மீன் மணமும் போகவில்லை. ஆனால் நின்றது! வாழ்க்கையில் எனக்கென்று நானே செய்துகொண்ட முதல் பொருள் அது.

வேலை முடிந்து கந்தோரால் வந்த அண்ணன் சைக்கிளை விட்டு இறங்காமலே கத்தினார்.

"ஆரும் பாக்கிறதுக்கு முன்னம் உதைக் கழட்டு."

"ஏன் அண்ணை?"

"கூடாரம், கயிறு, ரோச் லைற். ஆனையிறவிலை ஆமிக்காரன் பையைத் திறந்தால் என்ன நினைப்பான்? இயக்கத்திலை சேந்து காட்டிலை இருக்கப் போறாய் எண்டுதான் நினைப்பான்."

"என்ரை கையிலை கடிதம் இருக்கு. காட்டுவன்."

"ஓம், அவன் கடிதம் வாசிக்கத்தானே அங்கை நிக்கிறான்."

நான் விட்டுக்கொடுக்கவில்லை. அவரும் பிறகு வாய் திறக்கவில்லை. ஒத்துக்கொண்டார் என்றே நினைத்தேன். இதற்கிடையில் பார்சல்கள் வரத் தொடங்கின. ஆடிக் கலவரத்துக்குப் பிறகு ஊரில் எத்தனையோ பேர் சென்னைக்குப் போயிருந்தார்கள். நான் சென்னை வழியாகத்தான் போகிறேன் என்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. பனங்கிழங்கை அவித்துக் காயவைத்த புழுக்கொடியல், ஒடியல் மா, மிளகாய்த்தூள், பனங்கட்டி, தாளுக்கு மேல் தாளாகச் சுற்றிய கருவாடு. பையில் கூடாரம் இருக்கிறது, இடம் இல்லை என்று ஒவ்வொருவருக்கும் சொன்னேன். சரி என்று தலையாட்டிவிட்டு, பார்சலை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

புறப்படும் நாள் காலையில் நான் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தபோது அண்ணன் பையைத் திறந்து கூடாரத்தை வெளியே எடுத்திருக்கிறார். அம்மா பக்கத்தில் நின்று பார்சல்களை எடுத்துக் கொடுத்திருக்கிறார். எனக்கு அது ஆனையிறவில்தான் தெரிந்தது. ரயிலை நிறுத்தி ஏறிய ஆமிக்காரன் என் பையைத் திறக்கச் சொன்னான். நான் கடிதத்தைக் கையில் விரித்துப் பிடித்தபடி, மூன்று நாளாக மனப்பாடம் செய்த ஆங்கில விளக்கத்தைத் தொடங்கினேன். அவன் உள்ளே கையை விட்டுக் கருவாட்டை வெளியே எடுத்தான். மணந்து பார்த்தான். முகத்தைச் சுளித்துக்கொண்டு அடுத்த ஆளிடம் போய்விட்டான். நான் கடிதமும் கையுமாக நின்றேன். ரயில் பெட்டியில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அண்ணனின் பயம் நியாயமானது. ஆமிக்காரன் பையைத் திறந்துதானே பார்த்தான்! அந்தக் காலத்தில் அதைவிடச் சின்னக் காரணத்துக்கும் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஆனால் பயணம் என்னுடையது, பயமும் என்னுடையதாக இருந்திருக்க வேண்டும். என்னைக் கேட்காமல், நான் தலைக்குத் தண்ணீர் வார்த்துக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து எடுத்தார்களே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கொழும்பில் இருந்து விழாக்காரர்களுக்குத் தந்தி அடித்தேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. வருந்துகிறார்களாம், கூடாரம் இல்லாவிட்டால் இடம் இல்லையாம். புதிதாக ஒன்று வாங்க என்னிடம் காசு இல்லை. சென்னைக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது, பார்சலுக்கு ஆட்கள் காத்திருக்கிறார்கள். போனேன். உலகத்தின் எந்தெந்த மூலையில் இருந்தோ வந்த ஆசிரியர்கள் மணலில் ஒட்டகம் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஐந்து நாளும், நான் பஸ் மாறி மாறி மாடிப்படி ஏறிக் கருவாடு கொடுத்தேன். ஒரு வீட்டில், புழுக்கொடியல் நொறுங்கிப் போயிருக்கிறது என்று என்னிடமே குறை சொன்னார்கள்.

திரும்பி வந்தபோது கூடாரம் அலுமாரிக்கு மேலே மடித்தபடி இருந்தது. "கோவிக்காதை பிள்ளை, உன்ரை நன்மைக்குத்தான்" என்றார் அம்மா. நான் ஒரு மாதம் இரண்டு பேரோடும் கதைக்கவில்லை. கூடாரத்தைத் தொடவும் இல்லை.

அதை மறுபடி இறக்கியது அண்ணன்தான். தொண்ணூறில், சண்டைக்குப் பயந்து தீவை விட்டு எல்லாரும் வெளிக்கிட்ட நாளில். குண்டுச் சத்தத்துக்கு நடுவே கதிரையில் ஏறி நின்று அதை இழுத்து, சைக்கிளின் பின்னால் வைத்துக் கட்டினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூட வளவில் இறங்கினோம். வகுப்பறைகளில் கால் வைக்க இடமில்லை. வேப்பமரத்துக்குக் கீழே அண்ணன் முளைகளை அடித்தார், எப்படி இழுத்துக் கட்டுவதென்று நான் சொன்னேன். மீன் மணம் அப்படியே இருந்தது. அம்மா முதலில் உள்ளே போய், பாயை விரித்து உட்கார்ந்து, சீலையைத் தடவிப் பார்த்தார்.

"நல்ல காலம், அண்டைக்கு நீ உதைக் கொண்டு போகேல்லை."

ஆறு வருடம் அடக்கி வைத்திருந்தது எல்லாம் ஒரே மூச்சில் வந்தது.

"கொண்டு போயிருந்தால் திருப்பிக் கொண்டு வந்திருப்பன்தானே அம்மா!"

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு அது அதுவரை தோன்றவேயில்லை என்பது முகத்தில் தெரிந்தது. வெளியே அண்ணன் முளை அடிப்பதை நிறுத்தினார். பிறகு மறுபடி அடிக்கத் தொடங்கினார்.

அந்தக் கூடாரத்தில் நாங்கள் ஏழு மாதம் இருந்தோம்.