கம்பியைக் கட்டியவள் சொன்ன நன்றி

மிளகாய் அக்காவுக்கு அந்தப் பெயரை யார் வைத்தார்களோ தெரியாது. வைத்தவர் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும். கோபம் அவள் மூக்கு நுனியில் குடியிருந்தது, அதுவும் வாடகை கொடுக்காமல். கடவுளுக்கு நன்றி சொல்வதுகூடச் சண்டை போடுகிற மாதிரிதான். ஒருமுறை மகள் மூச்சுத் திணறிக் கிடந்தபோது, முன்பின் தெரியாத வண்டிக்காரர் ஒருவர் ஏற்றிக்கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் விட்டார். பிள்ளை கண் திறந்ததும் அக்கா சுவரைப் பார்த்துக் கைகூப்பினாள். "வந்துட்டே, சந்தோஷம். கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தா குறைஞ்சா போயிடுவே?" என்றாள். கண்ணீர் மட்டும் அது பாட்டுக்கு வழிந்தது.

பதினோரு வருஷமாக அவளுக்குச் சலவைக்கூடத்தில் வேலை. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, ஈரத்தோடு பெரிய சூட்டு உருளைக்குள் விட வேண்டும். அந்தப் பக்கம் சுருக்கமில்லாமல் காய்ந்து வரும். விடுகிற பக்கத்தில் இரண்டு பேர், ஆளுக்கொரு மூலை. ஒன்று அக்கா, இன்னொன்று அவள் தங்கை. உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. அதில் கை பட்டால் போதும், உருளை நின்றுவிடும்.

வம்பு என்னவென்றால், கை எது, துணி எது என்று கம்பிக்குத் தெரியாது. விரிப்பின் மடிப்புப் பட்டாலும் நிற்கும். மூன்று மாதத்துக்கு முன் மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார். "நொண்டி மாடு மாதிரி நின்னு நின்னு போகுது. அதைத் தூக்கிக் கட்டித் தொலைங்க!" அக்காதான் கிழிந்த விரிப்பில் ஒரு கீற்று எடுத்து, கம்பியை மேலே தூக்கி இறுக்கிக் கட்டினாள். வேலை ஓடியது. எல்லாரும் அதை மறந்தார்கள். அவளும் மறந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை தங்கையின் சட்டைக் கை விரிப்போடு சேர்ந்து உள்ளே போனது. "அக்கா!" என்றாள். மேற்கொண்டு சத்தம் வரவில்லை. அக்கா அவள் இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தாள். உருளை இவளைவிடப் பலமாக இழுத்தது. தங்கையின் விரல் நுனி சூட்டைத் தொட்ட நேரம், கூடம் முழுக்கக் கரண்ட் போயிற்று.

உருளை நின்றது. துணியைக் கிழித்துக் கையை எடுத்தார்கள். இரண்டு விரல் கொப்பளித்ததோடு சரி. அன்றைக்கு மழையும் இல்லை, காற்றும் இல்லை. கரண்ட் ஏன் போனது என்று இன்றுவரை ஒருவரும் காரணம் சொல்லவில்லை. தெரிந்தவனுக்குத் தெரியும்.

மறுநாளே அக்கா கம்பியை அவிழ்க்கப் போனாள். "முதலாளி வந்து சொல்லட்டும், உன் இஷ்டத்துக்குக் கை வைக்காதே" என்று மேஸ்திரி மறித்தார். அவள் உருளைப் பக்கமே போகாமல் மடிக்கிற மேசையில் போய் நின்றுகொண்டாள். பத்து நாள் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. யார் மேல் அதிகக் கோபம் என்று கேட்டிருந்தால், தன் கையைத்தான் காட்டியிருப்பாள்.

தங்கை வேலைக்குத் திரும்பிய அன்று முதலாளி வந்தார். எல்லாரையும் கூட்டி நிறுத்தினார்.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. ஆண்டவன் நம்ம கூடத்துலதான் இருக்கான். அக்காக்காரி ரெண்டு வார்த்தை நன்றி சொல்லட்டும். அப்புறம் உருளையைப் போடுங்க."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். கம்பி இன்னும் மேலேதான் இருந்தது.

"சொல்றேன். என் தங்கச்சி கையைத் திருப்பிக் குடுத்தது ஆண்டவன். சாகுற வரைக்கும் அவனுக்கு நன்றி சொல்லுவேன். ஆனா, அவன் கூடத்துக் கரண்டையே புடுங்கித்தான் காப்பாத்த வேண்டியிருந்துச்சு. ஏன்? நிறுத்த வேண்டிய கம்பியை நாம கட்டி வச்சிருந்தோம். கட்டச் சொன்னது இந்த மேஸ்திரி. கட்டினவ நான்."

"நன்றி சொல்லச் சொன்னா பஞ்சாயத்து பண்றியா?" என்றார் மேஸ்திரி.

"பிள்ளையையும் கிள்ளிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவீங்க. ஆட்டுறதுக்கு ஆண்டவன் வேற வரணுமா? அவன் என்ன உங்ககிட்ட சம்பளத்துக்கா இருக்கான்?"

பின்னால் யாரோ குபீரென்று சிரித்து, சட்டென்று இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

"கம்பியைப் பத்தி அப்புறம் பேசலாம்மா" என்றார் முதலாளி.

"அப்புறம்னா எப்போ? அவ அந்த மூலைக்குப் போகப் போறா. ஒவ்வொரு தடவையும் கரண்ட் போகுமா?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மேசையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். மேஸ்திரி ஓரடி முன்னால் வந்தார். தங்கை குறுக்கே போய் நின்றாள், கட்டுப் போட்ட கையை அவர் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு. அவர் நின்றுவிட்டார். கத்தரிக்கோல் இரண்டு தரம் கடித்தது. கம்பி கீழே இறங்கியது.

"இப்படி நின்னு நின்னு போனா வேலை எப்பத்தான் முடியும்?" என்றார் முதலாளி. கேட்டதோடு சரி, திரும்பக் கட்டு என்று சொல்ல அத்தனை பேர் முன்னால் அவருக்கு வாய் வரவில்லை.

மத்தியானத்துக்குள் உருளை பதினேழு தடவை நின்றது. ஒவ்வொரு தடவையும் மேஸ்திரி பெருமூச்சு விட்டார். ஒவ்வொரு தடவையும் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு மடிப்பை நீவிவிட்டு, "நன்றிப்பா" என்றாள்.

"யாருக்குக்கா சொல்றே? மேஸ்திரிக்கா?" என்றாள் தங்கை.

"வாயை மூடிட்டு மூலையைப் பிடிடி."