கூரையில்லாத கோட்டை

நீண்ட யோசனைக்குப் பிறகு, ஸ்கொட்லாந்துப் படங்களை அல்பத்தில் ஒட்டிப் பெயரெழுதுவது என்று இன்று தீர்மானித்தேன்.

முதற்படம், மழையில் மூன்று மைல் நடந்து பார்த்த இடிந்த கோபுரக் கோட்டை. அந்த நேரம் பார்த்து, எங்கள் ஸ்காபரோ கட்டடத்தின் மேல்மாடியில் இருக்கும் செல்வம் அண்ணை வந்தார்.

“உது ஆரின்ரை வீடு? ஷெல் குண்டு விழுந்ததோ?”

“வீடில்லை அண்ணை, கோட்டை. கூரை இருந்தால் வரி கட்டவேணுமெண்டு சொந்தக்காரனே அதைக் கழட்டினவனாம்.”

“உமக்கு ஆர் சொன்னது?”

“அங்கை பலகையிலை எழுதியிருக்கு.”

“எழுதுவினம். பூட்டின வீட்டுக் கூரையைப் பக்கத்து வீட்டுக்காரர்தான் கழட்டிறவை.”

நானூறு ஆண்டு வரலாற்றைப் பொறுமையாக விளக்கினேன். அவர் கூரை இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கொக்குவிலிலை எங்கடை வீடும் பூட்டித்தானே கிடக்கு,” என்றார்.

கூரையில் ஓடுகள் இருக்கின்றனவா என்று ஊரிலுள்ள தன் தங்கைக்குக் கடிதம் எழுத, என் பேனாவை வாங்கிக்கொண்டு போனார்.

படங்களுக்கு இன்னும் பெயர் எழுதவில்லை.