பன்னிரண்டாவது நாற்காலி

சென்ற ஆண்டு சித்தி தொண்ணூறு வயதைத் தாண்டி இறந்துபோனார். அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது, அவருடைய மகன் மொரப்பூர் சாலையோரம் ஒரு கல்லில் உட்கார்ந்து வலது காலைப் பிடித்துவிட்டுக்கொண்டான். என்னைவிட ஒரு வயது இளையவன். எனக்கு என்றைக்கும் தம்பி. "எங்கம்மா தங்கமானவங்கதாண்ணா. என் காலு மட்டுந்தான் அவங்களுக்கு வெக்கம்" என்றான். அவனிடம் அன்று சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

தம்பிக்கு மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து வலது பாதம் உட்புறமாக மடங்கிப்போனது. எனக்கு இரண்டு கால்களும் நேராக இருந்தன. போதாக்குறைக்கு ஞானோபதேச வகுப்பில் பத்துக் கட்டளைகளையும் மூச்சுவிடாமல் ஒப்பித்துப் பரிசு வாங்கியிருந்தேன். பிறருக்கு உரியதை விரும்பக் கூடாது என்கிற கடைசிக் கட்டளையை எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னவன் நான்தான்.

எங்கள் ஊர்க் கோயிலில் பெரிய வியாழன் மாலை பன்னிரண்டு பேரை வரிசையாக உட்காரவைத்து, சாமியார் அவர்களுடைய வலது பாதத்தைக் கழுவித் துடைத்து முத்தமிடுவார். இயேசு தம் சீடர்களுக்குச் செய்ததன் நினைவு அது. நாற்காலிகள் அரூரில் பாய் கடையிலிருந்து வாடகைக்கு வரும். முதல் பதினொன்றுக்குப் போட்டி இருக்கும்; பன்னிரண்டாவதுக்கு ஆள் கிடைக்காது. அதில் உட்கார்ந்தவனை அடுத்த ஆண்டு வரை ஊரே, இயேசுவைக் காட்டிக்கொடுத்த சீடனின் பெயரால், யூதாசு என்று கூப்பிடும். "யூதாசு வராரு, பேச்ச நிறுத்துங்கப்பா" என்று டீக்கடையில் ஒருவர் ஆரம்பித்துவைத்தால் போதும்.

எனக்குப் பதினொரு வயதான அந்த ஆண்டு, பெரிய வியாழனுக்கு முந்தின குருத்து ஞாயிறு பூசை முடிந்ததும், எங்களுக்கு ஞானோபதேசம் கற்பித்த உபதேசியார் பெயர்களை எழுதினார். பன்னிரண்டாவதுக்கு வந்ததும் வழக்கம்போல ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். தம்பி எழுந்து நின்று, "நான் உக்காருறேங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். உபதேசியார் சிரிக்காமல் எழுதிக்கொண்டார்.

வரும் வழியில், "யூதாசுன்னு கூப்புடுவாங்கடா" என்றேன்.

"கூப்புடட்டும். நொண்டின்னு கூப்புடறதுக்கு அது தேவல." சற்று நடந்துவிட்டு, "சாமியாரு வலது காலத்தான எடுப்பாரு? எடுத்துத்தான ஆவணும்?" என்றான்.

அதுவரை அந்த நாற்காலியைப் பற்றி நான் நினைத்ததே இல்லை. அவன் முகத்தைப் பார்த்த பிறகு எனக்கு வேறு நினைப்பே இல்லாமல் போயிற்று. பிற்காலத்தில் கல்லூரியில் தத்துவம் கற்பித்தேன். ஒரு பொருளை இன்னொருவன் விரும்புவதைப் பார்த்துத்தான் நாமும் விரும்பத் தொடங்குகிறோம் என்று கரும்பலகையில் முக்கோணம் வரைந்து விளக்குவேன். பக்கத்து இருக்கைக்காரனின் கைப்பேசியை உதாரணம் காட்டுவேன், மாணவர்கள் சிரிப்பார்கள். இந்த நாற்காலியை மட்டும் எந்த வகுப்பிலும் நான் உதாரணம் காட்டியதில்லை.

புதன்கிழமை உபதேசியார் வீட்டுக்குப் போனேன். "தம்பி உக்கார வேணாமுன்னு சித்தி சொல்றாங்க. அந்த மடங்குன கால ஊருக்கே காட்டணுமான்னு கேக்கறாங்க" என்றேன். யாரும் சொல்லித்தராமலே அந்த வாக்கியம் என் வாயில் தயாராக இருந்தது.

"பெத்தவளுக்கு அப்பிடித்தான் இருக்கும்" என்று அவர் பெயரை அடித்தார். "இனி ஆளுக்கு எங்கடா போறது?"

"நான் உக்காந்துக்கறேங்க."

பரிசு வாங்கிய பையனை அவர் சந்தேகப்படவில்லை.

வியாழன் மாலை தம்பி எல்லோருக்கும் முன்பே வந்துவிட்டான். வெள்ளை வேட்டி, எண்ணெய் தேய்த்து மினுமினுத்த கால்கள். உபதேசியார் அவன் தோளில் கைவைத்து, "உங்கம்மா வேணாமுன்னுட்டாங்க கண்ணு. மனசுல வெச்சிக்காத" என்றார். அவன் பெண்கள் பக்கம் ஒருமுறை திரும்பிச் சித்தியைப் பார்த்தான். பிறகு கடைசியில் போய் நின்றுகொண்டான். சித்தியிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என் பொய் அன்றே உடைந்திருக்கும். ஆமாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்திருப்பான் போலும். கடைசி வரை அவன் கேட்கவில்லை.

சாமியார் என் பாதத்தைக் கழுவி முத்தமிட்டார். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. தம்பி பார்க்கிறானா என்று கழுத்தைத் திருப்பித் தேடினேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு அது வெறும் இரும்பு நாற்காலி.

கடைசி ஆளிடம் வருவதற்குள் சாமியாரின் துண்டு நனைந்துவிடும். ஈரக் காலோடு வெளியே வந்ததால் மண் ஒட்டிக்கொண்டது. சித்தி என்னைத் தேடி வந்தார். கையில் மடிப்புக் கலையாத புதுத் துண்டு ஒன்று இருந்தது.

"தம்பி ஏன் கண்ணு உக்காரல?"

"புடிக்கலன்னுட்டான் சித்தி."

சித்தி துண்டின் மடிப்பைப் பிரித்தார். "கடசி ஆளுக்குத் துண்டு ஈரமாப் பூடுமேன்னு எடுத்தாந்தன்" என்றார். பிறகு, "செரி, நீ கால நீட்டு" என்று குந்தி உட்கார்ந்து, என் வலது பாதத்தை மடியில் வைத்து விரலிடுக்கெல்லாம் துடைத்துவிட்டார்.

தம்பி மணிக்கூண்டின் பக்கத்தில் நின்று அதைப் பார்த்தான். துடைத்து முடிக்கும் வரை பார்த்துவிட்டு, திரும்பித் தனியாக வீட்டுப் பக்கம் நடந்தான். பசி வந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன்.